காலநிலை மாற்றமும் தொண்டு நிறுவனங்களும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ச்சங்கங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், வருகிற நிறுவனங்களின் படிவங்களை வாசித்து விளக்குவதும் எனக்குப் பழகிப்போன வேலை. கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று எங்கே போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் உள்ள சாய்வு என்னுடையது.

1. காலநிலை மாற்றம் எண்டு சொல்லுகினம். அது உண்மையா யாழ்ப்பாணத்துக்கும் வந்திட்டுதோ, இல்லாட்டி வெளிநாட்டுக் கதையோ?

வந்துவிட்டது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது பிடித்துவைக்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதனால் மாரி மழை நாட்கணக்கில் பரவிப் பெய்யாமல் ஓரிரு நாளில் கொட்டித் தீர்க்கிற வாய்ப்பு அதிகமாகிறது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரேவி, 2024 நவம்பரில் ஃபெங்கால் என்று வெள்ளம் வந்த ஆண்டுகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்காக ஒவ்வொரு புயலையும் இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. 1964 இல் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடபகுதியையும்தான் உலுப்பிப் போட்டது.

எங்களுக்கு உள்ள தனி ஆபத்து நிலத்துக்குக் கீழே இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர், அடியில் உள்ள கடல்நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி இருந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி இறங்கினால் கீழே என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். 1901 இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. கடல் ஒரு பக்கம் ஏற, மழை ஒழுங்கு குழம்ப, நாங்களும் இறைத்துக்கொண்டே இருக்கிறோம்.

2. இசைவாக்கம் எண்டால் மரம் நடுறதுதானே?

முழுக்க இல்லை. காற்றில் கரியமிலவாயு சேர்வதைக் குறைப்பது ஒரு வேலை. சூரிய மின்சாரம், காடு வளர்ப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம். நடந்துகொண்டிருக்கிற மாற்றத்துக்குத் தாக்குப்பிடித்து வாழ வழி செய்வது இன்னொரு வேலை. அதைத்தான் இசைவாக்கம் என்கிறார்கள். வீட்டு அத்திவாரத்தைப் போன வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்துவது, குளத்துக்கு வரும் வாய்க்காலைத் திறந்து விடுவது, புயல் எச்சரிக்கை கடலுக்குப் போனவரின் காதுக்கு நேரத்தோடு எட்ட வைப்பது, வெங்காயம் அழுகிப்போன வருடம் குடும்பம் கடனில் மூழ்காமல் காப்பது எல்லாம் இதற்குள் வரும்.

3. அது அரசாங்கத்தின்ர வேலையெல்லோ? பிறகேன் என்.ஜீ.ஓ?

பெரிய வேலை அரசாங்கத்தினுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளை எந்தத் தொண்டு நிறுவனமும் கட்டவோ நடத்தவோ முடியாது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. 2016 முதல் 2025 வரைக்குமான தேசிய இசைவாக்கத் திட்டமும் போடப்பட்டது. காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

கொழும்பில் எழுதிய திட்டம் நெடுந்தீவிலோ மணற்காட்டிலோ வந்து இறங்கும்போதுதான் இடைவெளி தெரியும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உப்புத் தட்டிச் சவராகிறது, எந்த ஒழுங்கையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் நடக்கமுடியாத ஆள் இருக்கிறார் என்பதெல்லாம் திட்டத்தில் இருக்காது. ஊரோடு உட்கார்ந்து அதைத் திரட்டவும், ஒரு புதுமுறையைச் சிறிதாகச் செய்துபார்க்கவும், நடக்கவில்லை என்றால் பெரிய நட்டமில்லாமல் விட்டுவிடவும் ஒரு நல்ல நிறுவனத்தால் முடியும். அரசு சோதித்துப் பார்க்காமல் ஒரேயடியாக இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 இன் இரசாயன உரத் தடை போதும். நாடு முழுக்க ஒரே நாளில் அமுல், சில மாதங்களில் வாபஸ், இடையில் விளைச்சல் போனது கமக்காரருக்கு.

4. யூ.என்., செஞ்சிலுவை, சர்வோதயம், எங்கட மாதர் சங்கம், எல்லாம் என்.ஜீ.ஓ தானோ?

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் அரசுகளின் அமைப்புகள். வெள்ளை வாகனத்தில் வருவதால் அவர்களும் என்.ஜீ.ஓ என்று நாங்கள் சேர்த்துவிடுகிறோம். செஞ்சிலுவைச் சங்கம் அரசுக்குத் துணையாக நிற்கிற தனி வகை. சர்வோதயம் 1958 இல் ஆரியரத்ன தொடங்கிய உள்நாட்டு இயக்கம். இவை தவிர வெளிநாட்டுத் தலைமையகம் கொண்ட நிறுவனங்கள், கொழும்பில் பதிந்தவை, மாவட்டத்துக்குள் மட்டும் வேலை செய்பவை என்று பல வகை உண்டு. இலங்கையில் இவற்றின் பதிவுக்கான சட்டம் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம்.

உங்கள் மாதர் சங்கம், சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு எல்லாம் மக்கள் அமைப்புகள். பெரிய நிறுவனங்கள் திட்டம் முடிந்து போய்விடும், நீங்கள் போக மாட்டீர்கள். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொங்குகின்றன.

5. வேற நாடுகளில உவையள் உருப்படியா ஏதாவது செய்து காட்டியிருக்கினமோ?

பங்களாதேசத்தில் இருந்து தொடங்குகிறேன். 1970 நவம்பரில் அங்கே அடித்த போலாப் புயலில் இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அடுத்த சில ஆண்டுகளில் செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஒவ்வொரு கரையோரக் கிராமத்திலும் தொண்டர்கள், கையில் ஒலிபெருக்கி, எச்சரிக்கைக் கொடி. இன்று 76,000 தொண்டர்கள் இருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வீட்டு ஆண் வந்து சொல்லும் வரை காத்திருந்து இறந்த பெண்கள் அதிகம். 2020 இல் ஆம்பன் புயலின்போது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே இடம்பெயர்ந்தார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கொங்கிறீட் பாதுகாப்பு நிலையங்களை அரசு கட்டியது. அதற்குள் சனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஊர்த்தொண்டர்.

ஆபிரிக்காவின் நைஜர் நாட்டுக் கதை இன்னும் மலிவானது. 1980 களில் மராடிப் பகுதியில் மரக்கன்று நட்டு நட்டு எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. அங்கே மிசன் நிறுவனமொன்றில் வேலை செய்த ரோனி ரினாடோ என்ற அவுஸ்திரேலியர், வயலில் பற்றை போலக் கிடந்தவை வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்று கண்டார். புதிதாக நடுவதை விட்டு, அந்தத் துளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்து வளர்க்கும்படி கமக்காரரிடம் சொன்னார். பிறகு கமக்காரர் பார்த்துக் கமக்காரர் செய்து, சுமார் 50 லட்சம் ஹெக்டேயரில் மரம் திரும்பியது.

கடலுக்கு அந்தப் பக்கம் பிச்சாவரத்தில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாட்டு வனத்துறையும் அழிந்துபோன கண்டல் காட்டுக்கு (அங்கே அலையாத்திக் காடு என்பார்கள்) மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீர் வந்துபோக வழி செய்தன. அதன்பிறகுதான் கன்று நட்டார்கள். அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம், வெயில் குறித்த அளவைத் தாண்டினால் விசாரணை எதுவும் இல்லாமல் கணக்கில் காசு விழும் காப்புறுதி ஒன்றை 2023 இல் தொடங்கியது. 2024 கோடையில் காசும் விழுந்தது. தொகை சிறியது, சில நூறு ரூபாதான். ஆனால் அந்த நாள் கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்க அது உதவியது.

6. எங்கட கிணறு வருசா வருசம் சவராகுது. உவையால அதுக்கு என்ன செய்ய ஏலும்?

கிணற்றை நன்னீராக்கித் தருவோம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன நன்னீர்ப் படையை எல்லோருமாக இறைத்து மெலியவைத்திருக்கிறோம், கடலும் ஏறுகிறது. ஒரு நிறுவனத்தின் ஒரு வருடத் திட்டத்தால் இதைத் திருப்ப முடியாது. சுமையைக் குறைக்க முடியும், அதற்கு மழைநீர்த் தொட்டி நல்ல வழி. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சுமார் 9,000 லீற்றர் தண்ணீர். சிந்திச் சிதறியது போக 7,000 லீற்றர் பிடிக்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர் என்று வைத்தால், 5,000 லீற்றர்த் தொட்டி 100 நாட்களுக்குக் காணும். சித்திரை, வைகாசியில் அந்த 100 நாளின் அருமை தீவுப்பகுதிச் சனத்துக்குத் தெரியும். 1996 இல் தொடங்கிய லங்கா மழைநீர் சேகரிப்பு மன்றம் போன்றவை வடக்கிலும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. தொட்டிக்கு இறுக்கமான மூடியும் நுளம்பு வலையும் கட்டாயம் வேண்டும். மாரி முடியும் காலம் எங்களுக்கு டெங்குக் காலமும்கூட.

இரண்டாவது, குளம், கேணி, தரவைகளுக்கு நீர் வரும் வழியைத் திறப்பது. குடாநாட்டில் சிறு குளங்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றுக்குத் தண்ணீர் வந்த வாய்க்கால்கள்தான் மதிலுக்கும் வீதிக்கும் கீழே போய்விட்டன. இங்கே நிறுவனத்தால் வரைபடம் எடுக்கவும் தூர்வாரவும் முடியும். ஆக்கிரமிப்பை அகற்றுவது கமநல சேவைகள் நிலையமும் பிரதேச சபையும் செய்ய வேண்டியது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுண்ணக்கல்லில் வெடிப்பு அதிகம், தண்ணீர் வடிபடாமல் நேரே இறங்கிவிடும். வீதித் தண்ணீரையும் மலக்குழிக்குக் கிட்ட உள்ள வெள்ளத்தையும் கிணற்றுக்குள் விடுகிற "மீள்நிரப்பல்" திட்டம் வந்தால் மறுத்துவிடுங்கள். எங்கள் நிலத்தடி நீரில் ஏற்கெனவே நைத்திரேற்று அதிகம், உரத்தாலும் மலக்குழியாலும்.

7. கண்டல் நட ஆக்கள் வேணுமாம், ஒரு நாளைக்குச் சாப்பாடும் ரீசேர்ட்டும் தருவினமாம். போகலாமோ?

போகலாம், ஆனால் நடுகிற இடத்தைப் பார்த்துவிட்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கண்டல் நட்டன. ஆய்வாளர்கள் பின்னர் 23 இடங்களைப் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் தப்பியது 3 இடங்களில் மட்டும். அந்த ஆய்வு 2017 இல் வெளியானது. காசு வந்தது, ஆட்கள் வந்தார்கள், படமும் எடுத்தார்கள். கண்டல் மட்டும் வரவில்லை.

நட்ட இடம் பிழை, சில இடங்களில் இனமும் பிழை, பிறகு பார்க்க ஆளும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சேற்றில் கன்று மூச்சுவிடாமல் சாகும். தண்ணீர் ஓட்டம் அடைபட்டு உப்பேறிப்போன நிலத்திலும் சாகும். அதனால்தான் பிச்சாவரத்தில் முதலில் வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஐந்தாவது பதிலில் சொன்னேன். வெளியாகக் கிடக்கும் சேற்றுத்தரையை வீண்நிலம் என்று நினைப்பதும் தவறு. அங்கே இறால் பிடிக்கிறவர்களும் வலசை வரும் பறவைகளும் உண்டு. இருக்கிற கண்டலை வெட்டாமல் காப்பது நடுவதைவிடப் பலமடங்கு பலன் தரும். 2015 இல் சுதீசா என்ற சிலாபத்து அமைப்பும் சீகோலஜி என்ற அமெரிக்க அமைப்பும் தொடங்கிய திட்டம், கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, பதிலுக்கு இருக்கிற கண்டலைக் காக்கச் சொன்னது. அந்த எண்ணம் எனக்குப் பிடித்தது.

8. பில்லியன் கணக்கில காலநிலை நிதி வருது எண்டு பேப்பரில போடுறாங்கள். எங்களுக்கு ஏன் ஒண்டும் வரேல்லை?

முதலில், அந்த பில்லியன்கள் தேவைக்குக் காணாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2025 அறிக்கைப்படி வளர்ந்துவரும் நாடுகளுக்கு 2035 அளவில் இசைவாக்கத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 310 முதல் 365 பில்லியன் டொலர் வரை வேண்டும். 2023 இல் பொதுநிதியாக வந்தது 26 பில்லியன். பிறகு அது வருகிற வழி நீளமானது. தென்கொரியாவில் இருக்கிற பசுமைக் காலநிலை நிதியம் அங்கீகாரம் பெற்ற பெரிய அமைப்புகள் ஊடாகத்தான் காசு கொடுக்கும். இலங்கையில் உலர் வலயக் குளங்களைப் புனரமைக்க 2016 இல் 3.8 கோடி டொலர் ஒதுக்கியது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டமான யூ.என்.டி.பி. ஊடாக மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆற்றுப்படுகைகளுக்குப் போனது. வற்றாத ஆறே இல்லாத குடாநாடு அந்தக் கணக்கில் வராது.

2003 முதல் 2016 வரையான சர்வதேசக் காலநிலை நிதியங்களின் காசைப் பார்த்தபோது, உள்ளூர் மட்ட வேலைக்கென்று ஒதுக்கியது பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று லண்டன் ஆய்வு நிறுவனமொன்று கணக்கிட்டது. இந்தக் குறையைப் பார்த்துத்தான் 2021 இல் "உள்ளூர் தலைமையிலான இசைவாக்கம்" என்று எட்டுக் கொள்கைகளை எழுதினார்கள். பல அரசுகளும் நிறுவனங்களும் கையெழுத்திட்டன. கையெழுத்துப் போட்டவர் உங்கள் ஊருக்கு வந்தால், எட்டில் முதலாவது கொள்கையை நினைவுபடுத்துங்கள்: முடிவெடுக்கும் அதிகாரம் பாதிக்கப்படும் மக்களுக்குக் கிட்ட இருக்க வேண்டும்.

9. அப்ப எங்கட சங்கம் நேரடியா விண்ணப்பிக்க ஏலாதோ?

ஏலும். உலகச் சூழல் வசதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992 இல் தொடங்கியது, இலங்கையில் 1994 இலிருந்து யூ.என்.டி.பி. ஊடாக நடக்கிறது. மக்கள் அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரடியாக, வழக்கமாக 50,000 டொலர் வரை கொடுக்கும். அழைப்பு வருகிற நேரம் பார்த்துப் போட வேண்டும்.

போடுவதற்கு முன் சங்கத்தின் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், கடந்த ஆண்டுகளின் கணக்கறிக்கையும் கூட்டக் குறிப்பும் வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் விழுவது இந்த இடத்தில். முன்மொழிவை எழுத ஆள் பிடிக்கலாம், இல்லாத கூட்டக் குறிப்பை உருவாக்கக் கூடாது. பெரிய தொகைக்கு ஆசைப்பட்டால், கணக்குச் சுத்தமான உள்நாட்டு நிறுவனம் ஒன்றோடு கூட்டாகப் போடுவது நல்லது.

10. சூரிய சக்திப் பம் இலவசமாத் தருகினம். அதில என்ன பிழை?

பம்மில் பிழை இல்லை. மண்ணெண்ணெய்ச் செலவு இருந்தவரை அளவாக இறைத்தவர், வெயில் இருக்கும் வரை சும்மா இறைக்கலாம் என்றால் நிறுத்த மாட்டார். ஆறாவது பதிலில் சொன்ன நன்னீர்ப் படையை நினைத்துப் பாருங்கள். நன்மை செய்யப் போய்க் கிணற்றை இன்னும் விரைவாகச் சவராக்கும் வேலை இது. காலநிலை அறிஞர்கள் இதைப் பிழையான இசைவாக்கம் என்கிறார்கள்.

சூரியப் பம்மோடு தூவல் அல்லது சொட்டு நீர்ப்பாசனம், இறைக்கும் நேரத்துக்கு ஊர்க் கட்டுப்பாடு, மாதம் ஒருமுறை கிணற்று நீரின் உப்பை அளந்து எழுதுகிற பழக்கம், இவை மூன்றும் சேர்ந்து வந்தால் எடுங்கள். உப்பு அளக்கும் சிறு கருவி பம்மின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதைத் தர மறுக்கிற திட்டத்தை எனக்கு விளங்குவதில்லை.

11. கடனா தாறம், வறட்சிக்குத் தாங்கிற மாதிரி தோட்டத்தை மாத்துங்கோ எண்டு சொல்லுகினம். எடுக்கலாமோ?

வட்டி வீதத்தை ஆண்டுக் கணக்கில் எழுத்தில் கேளுங்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று சொன்னால் அது பதில் அல்ல. பிறகு, ஒரு போகம் முழுசாக அழிந்தால் தவணை என்ன ஆகும் என்று கேளுங்கள். அதற்கு விடை இல்லாத கடன், காலநிலை ஆபத்தை நிறுவனத்தின் தலையில் இருந்து உங்கள் தலைக்கு மாற்றுகிறது. வறட்சியால் கட்டமுடியாமல் போன பெண்களின் சிறு நுண்கடன்களை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை மறக்க வேண்டாம். இதே காசில் ஒரு பகுதியை மானியமாகவும் மீதியைச் சங்கத்தின் சுழல்நிதியாகவும் தர முடியுமா என்று பேசிப் பார்க்கலாம்.

12. திட்டம் முடிஞ்ச அடுத்த மாரிக்கே எல்லாம் பழுதாப் போகுது. ஏன் இப்பிடி?

நிதி தருபவர் இரண்டு, மூன்று ஆண்டுக்குத்தான் தருகிறார். அந்தக் காலத்துக்குள் எத்தனை தொட்டி கட்டினாய், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாய் என்றே கேட்கிறார். ஐந்து வருடம் கழித்து அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் வரவுசெலவில் இடமில்லை. இதனால் கள உத்தியோகத்தரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருடைய ஒப்பந்தமும் அதே நாளில் முடிகிறது. சில நேரம் அதற்கு முன்பே முடியும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்ட்டின் நிதியை நிறுத்தியபோது, உலகெங்கும் பாதி நடந்த திட்டங்கள் அப்படியே நின்றன.

ஆகவே தொடங்கும் நாளிலேயே முடியும் நாளைப் பற்றிப் பேச வேண்டும். கையளிப்புக் கடிதத்தில் உதிரிப்பாகம் எங்கே வாங்குவது, திருத்தத் தெரிந்த ஊர்ப் பையன் யார், மாதச் சந்தா எவ்வளவு, நிலம் யார் பெயரில் என்பவை எழுத்தில் இருக்கட்டும். மிசினில் உள்ள விபரப் புத்தகம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் ஒரு பக்கமாவது எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள், நாங்கள்தான் கேட்பதில்லை.

13. பயனாளி தெரிவில எங்களை விட்டிட்டு வசதியான ஆக்களுக்குக் குடுத்திட்டினம். ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

முதலில் தெரிவு அளவுகோலை எழுத்தில் கேளுங்கள், பட்டியலைக் கிராம சேவையாளரின் அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பல நேரம் பிழை நிறுவனத்தில் இருக்காது, பட்டியலைக் கொடுத்த ஊர்க்காரரிடம் இருக்கும். அடுத்தது பிரதேச செயலாளர். நிறுவனம் அந்தப் பிரிவில் வேலை செய்வது அவருக்குத் தெரிந்துதான்.

அதற்கும் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது அரச அலுவலகத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச அமைப்பிடமோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவல் அளவில், அதற்குள் வரும். சட்டத்தைச் சுட்டி ஒரு கடிதம் கொடுத்தாலே பாதி அலுவல் நடந்துவிடும்.

14. தாளையடியில கடல்தண்ணியைச் சுத்திகரிச்சு அரசாங்கம் தருது. இனி மழைநீர்த் தொட்டி, குளம் எல்லாம் ஏன்?

நல்ல கேள்வி, இதற்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. 2024 ஓகஸ்டில் திறந்த அந்த ஆலை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு கட்டப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது. முதலில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரத்தான் திட்டம். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. குடிநீருக்கு அது பெரிய ஆறுதல். தொண்டு நிறுவனங்கள் எத்தனை தொட்டி கட்டினாலும் அந்த அளவுக்கு வராது. மூன்றாவது பதிலில் பெரிய வேலை அரசுடையது என்று சொன்னதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் அது குடிநீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நெல்லுக்கும் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கட்டுப்படியாகாது. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும், 2022 இல் மின்சாரம் எத்தனை மணி நேரம் இல்லாமல் இருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. குழாய் எல்லாத் தீவுக்கும் போகப் போவதுமில்லை. தோட்டமும் கிணறும் குளத்தை நம்பித்தான் இருக்கும்.

15. வெளிநாட்டுக் காசெண்டால் அவையின்ர நிகழ்ச்சிநிரலும் வருமெல்லோ?

வரும். எல்லாக் காசோடும் ஏதோ ஒன்று வரும், அரச காசோடு கட்சி வருவதுபோல. இந்த வருடம் கண்டலுக்கு நிதி என்றால் எல்லா ஊருக்கும் கண்டல் வியாதி, அடுத்த வருடம் இயற்கை உரம் என்றால் எல்லோருக்கும் அது. போரிலும் சுனாமியிலும் இதைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி, நிறுவனம் வருவதற்கு முன் ஊர் தன் பட்டியலை வைத்திருப்பது. இந்த வாய்க்கால், இந்த மதகு, இந்தப் பாதுகாப்பு மண்டபத்துக்குப் பெண்களுக்கான மலசலகூடம் என்று முன்னுரிமைப்படி ஒரு பக்கம். மாதர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஒப்பமிட்டிருந்தால் இன்னும் நல்லது. வருகிற நிறுவனத்தின் நிதி அந்தப் பட்டியலில் எதற்காவது பொருந்தினால் வாங்கலாம். பொருந்தாவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பலாம். வேண்டாம் என்று சொன்ன ஊரை யாரும் கறுப்புப் பட்டியலில் போட்டு நான் கண்டதில்லை.

16. கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற எங்கட ஊர்ச் சங்கம் காசு அனுப்பும். பிறகு என்.ஜீ.ஓ தேவையே இல்லையெல்லோ?

பல வேலைக்குத் தேவையில்லைதான். புலம்பெயர்ந்தவர்களின் காசுக்கு மூன்று வருடக் கெடு இல்லை, அறிக்கை ஆங்கிலத்தில் எழுதத் தேவையில்லை, ஊரை அவர்களுக்குத் தெரியும். தெரிந்த ஊர் முப்பது வருடத்துக்கு முந்தின ஊர் என்பதுதான் சில நேரம் சிக்கல். கோயில் கேணியைச் சுற்றிச் சீமெந்துத் தரை போட ஆசைப்படுவார்கள், அதனால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் போகும் என்பது அங்கிருந்து தெரியாது. மண், நீர், உப்பு பற்றிய தொழில்நுட்ப அறிவுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையோ அனுபவமுள்ள நிறுவனமொன்றையோ கலந்துகொண்டு, காசை மட்டும் வெளியிலிருந்து எடுக்கலாம்.

இன்னொன்று, அவர்களிடம் புதுக் கட்டடம் கேட்பதை விட்டுப் பராமரிப்புக் காசைக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாவது பதிலில் சொன்ன மோட்டார்த் திருத்தம், தொட்டி கழுவல், வாய்க்கால் தூர்வாரல் எல்லாவற்றுக்கும் எந்த நிதி வழங்குநரும் தருவதில்லை. பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு என்பதால் முதலில் தயங்குவார்கள். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வருடம் ஒருமுறை வரவுசெலவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்த வருடம் கேட்காமலே அனுப்புவார்கள்.